தப்பை மறைக்கும் டீம்

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப்பில் 14 பேர். சர்வர் விழுந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: 'யார் செய்தது?' என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அதற்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். அமெரிக்காவின் எட்ஸி என்ற ஆன்லைன் விற்பனை நிறுவனம் பழி சொல்லாத ஆய்வுக் கூட்டம் பற்றி 2012-லேயே எழுதியது. நீங்களும் சர்வர் விழுந்த 48 மணி நேரத்துக்குள் அப்படிக் கூடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

முதலில் நேர வரிசை. உதாரணமாக: 11.40-க்கு டெப்ளாய் (புது கோடை சர்வரில் ஏற்றியது), 11.52-க்கு அலர்ட், 12.15-க்குப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பியது. அடுத்து, டெப்ளாய் செய்தவருக்கு அந்த நிமிடத்தில் அது ஏன் சரியென்று பட்டது? டெஸ்ட் சர்வரும் நிஜ சர்வரும் ஒரே நிறத் திரையில் இருந்திருக்கலாம். 'இனி கவனமாக இருப்போம்' என்பதெல்லாம் தீர்வே அல்ல. நிஜ சர்வர் திரையைச் சிவப்பாக்குவதுதான் தீர்வு. அந்த வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே கூட்டம்தான்.

முதல் கூட்டத்தில் நீங்கள் செய்த தப்பையே எடுத்து வையுங்கள். அந்த அறிக்கையை அப்ரைசலில் நீட்டினீர்களோ, போச்சு!