பலெர்மோ: எதைச் சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்? (கேள்வி பதில்)

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகரான பலெர்மோவுக்குப் போகத் திட்டமிடுபவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் முடித்துவிட்டு பலெர்மோவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா?

ஒரு நாள்தான் என்றால் விட்டுவிடுங்கள். காலையில் சந்தை, மதியம் பாதிக் கடைகளுக்குப் பூட்டு, ராத்திரி எட்டு மணிக்குமேல் சாப்பாடு என்று நடக்கிற ஊர் அது. அந்த ஓட்டத்துக்கு நாம் பழகவே ஒரு நாள் போய்விடும். வெனிஸைக் குறைத்துக்கொண்டு இங்கே மூன்று ராத்திரி தங்குங்கள். ரோமிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். நேரம் இருந்தால் நேப்பிள்ஸில் ராத்திரிக் கப்பல் ஏறி, விடிகாலையில் துறைமுகத்தில் இறங்கலாம். ரயிலிலும் வரலாம். இத்தாலி நிலப்பரப்புக்கும் சிசிலிக்கும் நடுவிலுள்ள மெசீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். குழந்தைகள் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: நான் சைவம். பால், சீஸ் பரவாயில்லை. அங்கே பட்டினிதானா?

பட்டினி இல்லை. ஆனால் கண்ணை நம்பி வாங்காதீர்கள்.

உங்களுக்கான முதல் உணவு பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் களி போலக் கிண்டி, கொஞ்சம் பார்ஸ்லி இலை போட்டு, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். அதை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கூடவே குரொக்கே என்கிற உருளைக்கிழங்கு உருண்டையும் வைக்கச் சொல்லுங்கள். சில யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்தது. கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் என்கிற ஊறவைத்த பூமொட்டு எல்லாம் போட்டு வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற கபொனாட்டாவும் உங்களுக்கு ஆகும். சூடாக இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள், அது ஆறியபிறகுதான் ருசி.

இனி ஏமாற்றுகிறவை. ஸ்ஃபின்சியோனே பார்க்க வெங்காயம் போட்ட தடித்த பீட்சா மாதிரி இருக்கும், உள்ளே நெத்திலி மீன் கரைந்திருக்கும். வெண்ணெய் போட்ட அரன்சீனா என்றால் சைவம் என்று நினைப்பீர்கள். அந்த அரிசி உருண்டைக்குள் சீஸோடு பன்றி இறைச்சித் துண்டும் இருப்பதுதான் வழக்கம். ரிக்கோட்டா என்கிற மென்மையான பாலாடைக்கட்டியை அடைத்த குழல் இனிப்பான கனோலியின் மொறுமொறு ஓட்டில் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு சேரும். பல சீஸ் வகைகளை உறையவைப்பது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற நொதி. இதில் எங்கே கோடு போடுவது என்பது உங்கள் முடிவு. "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். ஒரே எண்ணெயில் எல்லாம் பொரிப்பார்களா என்றால், சின்னக் கடைகளில் பெரும்பாலும் ஆமாம்.

கேள்வி: மண்ணீரல் ரொட்டி என்று ஒன்று சொல்கிறார்களே, சாப்பிடலாமா? நாங்கள் பன்றி தொடமாட்டோம்.

அப்படியானால் உங்களுக்கு வேண்டாம். பானி கா மெவுசா என்பது கன்றுக்குட்டியின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, நறுக்கி, பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைப்பது. அந்தத் தடை இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு: எலுமிச்சை மட்டும் பிழிந்தால் 'பிரம்மச்சாரி', ரிக்கோட்டாவும் கச்சியோகவால்லோ சீஸும் சேர்த்தால் 'கல்யாணமானவன்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் பிரம்மச்சாரி பக்கம். சீஸ் போட்டால் அந்த இரும்பு வாசனை அமுங்கிப்போகிறது.

கேள்வி: பல்லாரோ, காப்போ, வுச்சீரியா என்று மூன்று சந்தைகள். எது நல்லது?

காலையில் பல்லாரோ. மீன், காய்கறி, ஊறவைத்த ஆலிவ், பொரிக்கிற வாசனை, ராகம் போட்டுக் கூவுகிற வியாபாரிகள் எல்லாம் ஒரே தெருவில். வங்காளதேசம், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களின் கடைகளும் அந்தப் பக்கம்தான். காப்போ, மாஸ்ஸிமோ நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கிறது, கொஞ்சம் அடக்கம். வுச்சீரியாவில் பழைய சந்தை தேய்ந்துவிட்டது. இப்போது அது ராத்திரி இளைஞர்கள் குடித்துக் கூத்தடிக்கிற இடம். பக்கத்தில் அறை எடுத்தால் தூக்கம் போச்சு.

கேள்வி: அங்கே சாப்பாட்டில் அரபுத் தாக்கம் அதிகம் என்கிறார்கள். உண்மையா, வழிகாட்டிகள் அளப்பதா?

இரண்டும் உண்டு. பலெர்மோ 831-இல் அரபுப் படைகளிடம் விழுந்தது. 1072-இல், வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். ஆனால் அரபு எழுத்தர்களையும் கைவினைஞர்களையும் அவர்கள் விரட்டவில்லை. நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி 1154-இல் முடித்த புவியியல் நூலில், பக்கத்திலுள்ள திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்கிற காய்ந்த மாவு இழைகளைச் செய்து கப்பலில் வெளியூர் அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோதான் பாஸ்தாவைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று இனி யாராவது சொன்னால், அவர் பிறந்ததே அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான் என்று சொல்லிவிடுங்கள்.

மத்தி மீன் பாஸ்தாவைச் சாப்பிட்டுப் பாருங்கள். காட்டுப் பெருஞ்சீரக இலை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனோடு திராட்சையா என்று தயங்குவீர்கள், இரண்டாவது வாயில் புரிந்துவிடும். வசந்த காலத்தில் பச்சை இலை கிடைக்கும்போது போனால் இன்னும் நல்லது. ஆனால் எல்லாவற்றையும் அரபுக் கணக்கில் எழுதாதீர்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கனோலியை அரண்மனை அந்தப்புரப் பெண்கள் கண்டுபிடித்தார்கள் என்கிற கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

அந்தக் கலப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நார்மன் அரண்மனைக்குள் இருக்கிற பலட்டீனா தேவாலயத்துக்குப் போங்கள். சுவரில் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பாணிப் பொன் மொசைக், கூரையில் தேன்கூடு போல அடுக்கிய அரபு மர வேலைப்பாடு, கீழே லத்தீன் வழிபாடு. அந்தக் கூரைக்காகவே ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போகலாம். மோன்ரியாலே தேவாலயம் பேருந்து தூரம்தான். தோளை மூடுகிற உடை அவசியம்.

கேள்வி: நல்ல கனோலி எங்கே?

நீங்கள் கேட்டபிறகு ஓட்டுக்குள் ரிக்கோட்டா அடைக்கிற கடை எதுவோ அங்கே. முன்பே அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்தால் ஓடு நமுத்திருக்கும். சாந்தா கத்தெரினா மடாலயத்துக்குள் ஒரு இனிப்புக் கடை இருக்கிறது. பலெர்மோ மடங்களில் கன்னியாஸ்திரிகள் செய்துவந்த பழைய பண்டங்களை அங்கே செய்து விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு முற்றத்து நீரூற்றுப் பக்கம் உட்காரலாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஆகஸ்ட் வேண்டாம், வெயில் ஒரு பக்கம், 15-ஆம் தேதியை ஒட்டி நல்ல கடைகள் பல விடுமுறை. டிசம்பர் 13 அங்கே இருக்க முடிந்தால் அதிர்ஷ்டம். அன்று வரும் புனித லூசியா (சாந்தா லூச்சியா) நாளில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்து சேர, அரைக்கக்கூடப் பொறுக்காமல் முழுசாக வேகவைத்துச் சாப்பிட்டார்கள் என்பது ஐதீகம். அன்று ஊரே அரன்சீனாவும், வெந்த கோதுமையில் ரிக்கோட்டா கலந்த குச்சீயாவும் சாப்பிடும்.

கேள்வி: மாஃபியா பயம் உண்டா?

சுற்றுலாப் பயணிக்கு இல்லை. கூட்டத்தில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 1992-இல் மாஃபியாவால் கொல்லப்பட்ட ஃபல்கோனே, போர்செல்லினோ என்ற இரண்டு நீதித்துறை அதிகாரிகளின் பெயர்தான் விமான நிலையத்துக்கு. 2004-இல் தொடங்கிய 'அத்தியோபிட்ஸோ' இயக்கத்தின் ஒட்டுச்சீட்டு சில கடைக் கதவுகளில் இருக்கும், மாஃபியாவுக்கு மாமூல் கொடுக்க மாட்டோம் என்று உறுதி சொன்ன கடைகள் அவை. ஒரே மாதிரி இரண்டு கடை இருந்தால் நான் அந்த ஒட்டுச்சீட்டு உள்ள கடைக்குள்தான் போவேன்.

கேள்வி: அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். இலங்கைப் போர்க்காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று பலெர்மோ நம்புகிற புனிதர் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கத் தமிழர்களோடு இந்துக்களும் அங்கே போய்க் கும்பிடுகிறார்கள். நகரப் பேருந்து மேலேவரை போகும். ஏறும்போது நடந்துபோக விரும்பினால் பழைய கல்பாதை இருக்கிறது, வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.