தார் போடுவதற்கு முன் மண்ணுக்கடியில் முடிய வேண்டிய வேலைகள்

கேள்வி: சென்னை திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவின் பழைய குடிநீர், கழிவுநீர்க் குழாய்களை மாற்றிவிட்டுப் புதிய சாலையும் நடைபாதையும் அமைக்கப் போகிறார்கள். குடியிருப்போர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் வீட்டு இணைப்பைக் கவனியுங்கள். தெருவிலுள்ள வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் புதிய டி.ஐ. (எளிதில் உடையாத, வலுவான வார்ப்பிரும்பு வகை) குழாய் பதித்தாலும், அதிலிருந்து உங்கள் சம்ப் வரை வரும் துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அப்படியே இருந்தால் தண்ணீரின் தரம் மேம்படாது. நம் நகரில் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. விநியோகம் நின்றதும் உள்ளே அழுத்தம் குறைந்து, அரித்துப்போன இடங்களின் வழியே சுற்றியுள்ள கசிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த முறை திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் கலங்கி நாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே பள்ளம் திறந்திருக்கும்போதே குடிநீர் வாரியப் பணிமனைப் பொறியாளரிடம் பேசி, வீட்டு இணைப்பையும், வாசலிலிருந்து மேன்ஹோல் வரை செல்லும் பழைய சுட்டமண் கழிவுநீர்க் குழாயையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளுங்கள். சாலை போட்ட பிறகு மீண்டும் வெட்ட அனுமதி பெறுவது கடினம். பெற்றாலும் ஒட்டுப்போட்ட இடம் மழையில் முதலில் பெயரும்.

குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயைவிட உயரத்திலும், இயன்றவரை விலகியும் செல்ல வேண்டும். மண் மூடுவதற்கு முன், குழாயில் அழுத்தத்தோடு நீரேற்றிக் கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புதிய குழாயில் விநியோகம் தொடங்கியதும், தெருக்கோடி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் (கிருமிகளைக் கொல்லக் கலந்ததில் மிச்சமிருப்பது) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தை ஒரே மூச்சில் மண்ணைக் கொட்டி மூடுவது மிகப் பெரிய தவறு. குழாயைச் சுற்றி மணலிட்டு, மேலே அடுக்கடுக்காக மண்ணைப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்தாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகத் தார் போட்டாலும் வடகிழக்குப் பருவமழையில் சாலை உள்வாங்கிவிடும்.

சாலை மட்டத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால், தெருவில் ஓட வேண்டிய மழைநீர் வீட்டுக்குள் வந்துவிடும். நடைபாதை வாசல்தோறும் ஏறி இறங்காமல் ஒரே மட்டமாகச் செல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வலியுறுத்துங்கள். முதியவர்கள் தடுமாறுவது அந்த ஏற்ற இறக்கங்களில்தான்.

பள்ளம் மூடப்படுவதற்கு முன், உங்கள் வீட்டு இணைப்பு சுற்றுச்சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்பதை அளந்து, படமும் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.