ரத்தம் சரி, கால் ஏன் எரிகிறது?

கேள்வி: எனக்கு வயது 61. சைவ உணவுக்காரி. சர்க்கரை நோய்க்குப் பதினோரு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சென்ற ஆண்டு சோர்வாக இருந்தபோது மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். சோர்வு தீர்ந்தது, ஹீமோகுளோபினும் 12.4 இருக்கிறது. ஆனால் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் கூடிக்கொண்டே போகின்றன. இது வைட்டமின் குறையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம் அம்மா. பி12 குறைகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். சர்க்கரையும் காரணமாகலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ரத்தம் நன்றாக இருப்பதை வைத்து பி12 குறை இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குக் கவலை தருவதே அந்த ஃபோலிக் அமிலம்தான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் 'பெர்னிசியஸ் அனீமியா' என்ற கடும் ரத்தசோகை வந்தால் மரணம்தான். 1926இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் அந்த நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். ஈரலில் இருந்த பொருள் எது என்ற தேடல் நடந்துகொண்டிருக்கையில், 1945இல் அமெரிக்காவில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரானது. அந்தக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதைக் கொடுத்ததும் நோயாளிகளின் ரத்தம் ஊறியது. மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பலருக்கு நரம்பு கெட்டுக்கொண்டே போனது. சிலர் நடை தடுமாறினார்கள். ஈரலில் இருந்த மருந்து வேறு. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட அதுதான் பி12.

ரத்த அணு உருவாக இரண்டும் வேண்டும். ஃபோலிக் அமிலம் ஏராளமாகக் கிடைத்தால் பி12 போதாதபோதும் ரத்தம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நரம்புக்கு அந்த வழி கிடையாது. 1940களிலேயே தெரிந்துபோன இந்தப் பாடத்துக்குப் பிறகும், பி12 பாராமலே ஃபோலிக் அமிலத்தை 'ரத்த மாத்திரை' என்று கையில் திணிக்கிறார்கள். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதும் புதிய செய்தி அல்ல. பதினோரு வருடம் அதே சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட பி12 பார்க்கச் சொல்லவில்லையே! ஒரு வரி எழுத எத்தனை நேரம் ஆகும்?

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் கதை வேறு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதிலிருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலமாக அறியப்பட்டது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது பெருமளவு தடுக்கிறது என்பது 1991இல் உறுதியானது. எனவே கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள். மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் அவர்கள் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது ரத்தத்தில் பி12 அளவு பார்க்கும் ஒரே ஒரு பரிசோதனை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் முகவர் 'முழு உடல் தொகுப்பு' என்று அறுபது பரிசோதனைகளை நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பி12 ஊசி போட்டுக்கொண்டபின் பரிசோதித்தால் குறை மறைந்துவிடும். முதலில் ரத்தம் கொடுங்கள். ஸ்பைருலினா பொடியில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்கு உதவாத போலி வடிவம். பழைய சோறு வயிற்றுக்கு இதம். அதை பி12 குறைக்கு மருந்தாக நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குறை உறுதியானால் சாதாரண பி12 ஊசியே போதும், விலையும் குறைவு. 'நரம்பு ஊட்ட டிரிப்' எதுவும் தேவையில்லை. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எல்லாம் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் சாய்கிறதென்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.