டப்பாவில் 56, கையில் 33: டயல்-அப் கேள்வி-பதில்

இந்தத் தடவை முழுக்க டயல்-அப். ஒரு முனையில் யூனிக்ஸ் சர்வர், மறுமுனையில் மேசைக் கணினி, நடுவே சாதாரணத் தொலைபேசிக் கம்பி. "இன்னுமா இது?" என்று கேட்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம். வேறு இணைப்பு எட்டாத இடத்தில் கிடங்குக் கணக்கையோ தொலைதூர இயந்திரத்தையோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மாடல் எண்களையும் வசவுகளையும் எடுத்துவிட்டேன்.

கே: சர்வருக்கு ஒன்று, கிளை அலுவலகக் கணினிக்கு ஒன்று என ஒரே மாதிரி இரண்டு 56கே மோடம் (நொடிக்கு 56,000 பிட் வேகம்) வாங்கினோம். எத்தனை தடவை டயல் செய்தாலும் 33,600-ஐத் தாண்டவில்லை. கடைக்காரர் லைன் சரியில்லை என்கிறார். தொலைபேசிக்காரர்கள் வந்து சோதித்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். யார் சொல்வது பொய்? – கணக்குப் பிரிவு ஊழியர்

ப: கடைக்காரர் சொல்வது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

1998-ல் 56கே மோடங்களுக்கான வி.90 தரம் வந்தபோதே அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஏதாவது ஒரு முனை தொலைபேசி வலையோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். இணையச் சேவை கொடுத்தவர்களிடம் அந்த வசதி இருந்தது. அவர்களிடமிருந்து கிளம்பும் தகவல் எக்ஸ்சேஞ்ச் வரை எண்களாகவே வந்து, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் கடைசிக் கம்பியில் மட்டும் அனலாக் ஆகும். அதனால்தான் 56கே, அதுவும் இறங்கும் திசையில் மட்டும். உங்களுக்கு இரண்டு முனையும் சாதாரண லைன். அனலாக் சிக்னலை எக்ஸ்சேஞ்ச் எண்ணாக மாற்றும்போது சேரும் இரைச்சல், அதற்கு முந்தைய வி.34 தரத்தின் உச்சமான 33,600-க்கு மேல் போக விடாது. வி.90-க்கு அடுத்து வந்த வி.92 மோடம் வாங்கினாலும் இதே கதைதான். வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

சர்வர் பக்கம் ஐஎஸ்டிஎன் போன்ற டிஜிட்டல் லைனும், அந்தப் பக்கத்துக்கென்றே செய்த டிஜிட்டல் மோடமும் வைத்தால் வேகம் ஏறும். அதற்கு ஆகும் செலவை விசாரித்துப் பாருங்கள், 33,600 இனிக்க ஆரம்பிக்கும். உங்கள் மோடங்களில் பழுது எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் இணைக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தே 56கே விலையில் விற்றிருந்தால், வித்தியாசத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

கே: பழைய மோடத்தில் "115,200-ல் இணைந்தது" என்று திரையில் வரும். புதியது 31,200 என்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ப: வேண்டாம். 115,200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள கேபிளின் வேகம். புது மோடம் லைனில் உள்ள வேகத்தைச் சொல்கிறது. உண்மை சொன்னதற்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால், ஏற்கெனவே சுருக்கிவைத்த கோப்பு ஒன்றை இரண்டிலும் இறக்கி நேரம் பாருங்கள். வெறும் எழுத்துக் கோப்பு உதவாது, மோடம் அதை வழியிலேயே சுருக்கிவிடும். அப்புறம் எது லைன் வேகம், எது சுருக்கிய வேகம் என்று தெரியாது.

கே: மேசைக் கணினியில் 691 என்று பிழை வருகிறது. மோடத்தை மாற்றித் தரக் கடை மறுக்கிறது.

ப: நியாயமாகத்தான் மறுக்கிறது. 691 வர வேண்டுமென்றால் மோடம் டயல் செய்து, சர்வர் எடுத்துப் பேசி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, "உள்ளே விடமாட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மோடம் தன் வேலையை முடித்துவிட்டது. கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். 680 வந்தால் டயல் டோன் இல்லை, 678 வந்தால் மறுமுனை எடுக்கவில்லை. எண்ணைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கே: சர்வருக்காக உள்ளே பொருத்தும் பிசிஐ மோடம் வாங்கினேன். எல்லாக் கணினியிலும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். லினக்ஸில் அது எந்த சீரியல் போர்ட்டாகவும் தெரியவில்லை. விண்டோஸ் கணினியில் போட்டதும் ஓடுகிறது. "பார்த்தீர்களா, பொருளில் குறையில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். – ஆய்வகப் பொறுப்பாளர்

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அலமாரியிலும் இப்படி ஒரு அட்டை கிடக்கிறது.

மோடம் என்றால் அதற்குள் மூன்று வேலை நடக்க வேண்டும். தகவலை ஒலியாகவும் ஒலியைத் தகவலாகவும் மாற்றும் சிக்னல் சிப் ஒன்று. கட்டளைகளைப் புரிந்துகொண்டு, பிழை திருத்தி, தகவலைச் சுருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று. கணினியோடு பேசும் சீரியல் பகுதி ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் எந்த இயங்குதளம் என்று மோடத்துக்குக் கவலையே இல்லை. சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அது ஒரு சீரியல் போர்ட், அவ்வளவுதான்.

விலையைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது உற்பத்தியாளர்கள் முதலில் கட்டுப்பாட்டுச் சிப்பை எடுத்தார்கள். பிறகு சிக்னல் சிப்பையும் எடுத்தார்கள். அந்த வேலை முழுவதையும் கணினியின் செயலியே செய்யும்படி விண்டோஸ் டிரைவர் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். வின்மோடம் என்று பேர். மிஞ்சியிருப்பது தொலைபேசி லைனுக்கு ஒரு துளையும், கொஞ்சம் மின்சுற்றும். இதைத் தப்பு என்று சொல்லவில்லை, மலிவாகக் கிடைத்தால் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "பாதி மோடம், மீதி உங்கள் செயலி" என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. அதுதான் என் ஆத்திரம்.

சில சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர் வந்தது உண்மை. பலவும் மூலநிரல் இல்லாமல், குறிப்பிட்ட கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) பதிப்புக்கென்று கட்டியவை. கெர்னலைப் புதுப்பித்தால் மோடம் போய்விடும். பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதா, மோடத்தைக் காப்பாற்றுவதா என்று சர்வர் நடத்துபவரை யோசிக்க வைக்கும் பொருள் சர்வருக்கு ஆகாது. டிரைவர் ஓடினாலும், சர்வர் பெரிய வேலையில் மூழ்கும் நேரத்தில் ஒலியைப் பிரித்தெடுக்கச் செயலிக்கு அவகாசம் கிடைக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். "ராத்திரி பேக்கப் ஓடும்போது மட்டும் கட் ஆகிறது" என்று எழுதியிருந்த இன்னொரு வாசகரும் முதலில் இதையே சந்தேகிக்கட்டும்.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். "தேவை: விண்டோஸ்" என்றும், குறைந்தபட்சம் இத்தனை மெகாஹெர்ட்ஸ் செயலி என்றும் இருந்தால் அந்த வேலை உங்கள் செயலி தலையில்தான் விழப்போகிறது. முழு மோடத்துக்கு உங்கள் செயலியின் வேகம் எதற்கு? வெளியே வைக்கும் மோடமாக, சீரியல் இணைப்போடு, தனி மின் அடாப்டரோடு இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். யூஎஸ்பி மோடம்களில் இரண்டு வகையும் உண்டு, விசாரிக்காமல் தொடாதீர்கள். பிசிஐ அட்டைகளில் முழு மோடமும் இருக்கிறது, ஆனால் தேட வேண்டும்.

இனி வாங்கும்போது ரசீதிலேயே "யூனிக்ஸ் சர்வரில் பயன்படுத்த" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடைக்காரர் அந்தத் தயக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டார். உங்கள் விஷயத்தில், "எல்லாக் கணினியிலும் ஓடும்" என்ற வாக்குறுதியை வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்கினீர்களோ அந்த வேலைக்கு அது உதவவில்லை. வேறு கணினியில் ஓடுகிறது என்பது அதற்குப் பதில் ஆகாது.

கே: சர்வர் மோடத்தைத் தினமும் காலையில் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் யார் டயல் செய்தாலும் எடுப்பதில்லை. மோடம் போய்விட்டதா?

ப: கேபிள் எங்கே வாங்கினீர்கள்? அதன் முனையில் உள்ள மூடியைத் திருப்புளியால் கழற்றிப் பாருங்கள். மூடி வார்த்து ஒட்டியிருந்தால் மல்டிமீட்டரை வையுங்கள். 9 ஊசி முனையில் 2, 3, 5 ஆகியவற்றில் மட்டும் கம்பி இருந்தால் பிடித்துவிட்டீர்கள். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரை ஒன்று. மறுமுனை போனை வைத்துவிட்டது என்று சர்வருக்குச் சொல்லும் 1-ம் ஊசி இல்லை. லைனைத் துண்டி என்று சர்வர் மோடத்துக்குச் சொல்லும் 4-ம் இல்லை. முந்தைய நாள் அழைப்பு இன்னும் முடியவில்லை என்றே சர்வர் நினைத்துக்கொண்டிருக்கிறது. "நிறுத்து, அனுப்பு" என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் 7, 8 இல்லாததால் பெரிய கோப்புகளும் அடிக்கடி கெட்டுப்போயிருக்க வேண்டும், சரியா?

எல்லாக் கம்பியும் உள்ள மோடம் கேபிள் வாங்குங்கள். குறுக்குக் கம்பி போட்ட நல்-மோடம் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது இரண்டு கணினிகளை நேராக இணைக்க. கேபிளை மாற்றியபின் அந்த 1, 4 கம்பிகளை மோடம் மதிக்கச் செய்யும் AT&C1&D2 அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தங்க முலாம் முனைகளுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். முலாம் பளபளத்தது, உள்ளே மூன்றே கம்பி.

கே: மோடம் இணைகிறது, சில நொடிகளில் அறுந்துவிடுகிறது. சர்வரைப் பராமரிப்பவர் சொன்னபடி இரண்டு முறை மோடம் மாற்றிவிட்டோம். இப்போது மூன்றாவது வாங்கச் சொல்கிறார். – சிறு அச்சகம்

ப: வாங்காதீர்கள். சர்வரில் பிபிபி (டயல்-அப் இணைப்பை நடத்தும் நெறிமுறை) பதிவைத் திறக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று படியுங்கள். மறுமுனை தன்னை அடையாளம் காட்ட மறுத்தது, இணைப்பை முடிக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். சர்வர் யூனிக்ஸ் கடவுச்சொல்லை வைத்துச் சரிபார்க்கும்படி இருந்தால் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் பேப் (PAP) முறையில்தான் முடியும். மேசைக் கணினியின் டயல்-அப் அமைப்பில் "மறைகுறியிட்ட கடவுச்சொல் தேவை" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அது பேப்பை ஒப்புக்கொள்ளாது. டிக்கை எடுங்கள், இல்லையென்றால் கடவுச்சொல்லை லைனில் அனுப்பாமலே சரிபார்க்கும் சேப் (CHAP) முறைக்கு மாறுங்கள். சேப்புக்குச் சர்வரில் கடவுச்சொற்களைத் தனிக் கோப்பில் அப்படியே எழுதிவைக்க வேண்டும். அதை ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கு) தவிர யாரும் படிக்கக் கூடாது.

சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தொலைபேசி எண் தெரிந்த எவரும் உள்ளே வரலாம் என்று அர்த்தம். அந்த இரண்டு மோடங்களின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவர் சொல்லி வாங்கியவை என்பதற்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதையும். அவருடைய அடுத்த பில்லில் கழிக்கலாம்.

கே: டயல் செய்தால் சர்வர் தெரிகிறது, அதற்கு அப்பால் உள்ள கணினிகள் தெரியவில்லை. "நெட்வொர்க் மோடம்" தனியாக வாங்க வேண்டும் என்கிறார்கள்.

ப: ஒன்றும் வாங்க வேண்டாம். சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்த தகவலை அடுத்த கணினிக்குக் கடத்துவது) இயக்கி, பிபிபி அமைப்பில் பிராக்ஸிஆர்ப் (டயல் செய்தவருக்காகச் சர்வரே உள் வலையில் பதில் சொல்வது) சேர்க்கச் சொல்லுங்கள்.

கே: எங்கள் மேசைக் கணினியின் மலிவு மோடத்தை யாரோ வேண்டுமென்றே அறுத்துவிடுகிறார்கள் என்று மகன் சொல்கிறான். நடக்கக்கூடியதா?

ப: நடக்கும். மூன்று பிளஸ் குறி வந்தால் மோடம் கட்டளை கேட்கத் தயாராகும். அந்தக் குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருந்தால்தான் கட்டளை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு ஹேய்ஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. உரிமத் தொகை கொடுக்க மனமில்லாத சிலர் மௌனத்தை விட்டுவிட்டு மோடம் செய்தார்கள். அந்தக் குறிகளையும், போனை வை என்ற கட்டளையையும் ஒரு பிங்கில் ("இருக்கிறாயா?" என்று கணினியைக் கேட்கும் சிறு செய்தி) வைத்து யாராவது அனுப்பினால், உங்கள் கணினி மரியாதையாக அதையே திருப்பி அனுப்பும். மோடம் தன் சொந்தக் கணினி சொன்னதாக நம்பி லைனை வைத்துவிடும். அந்தப் பிளஸ் குறியைத் தீர்மானிக்கும் மோடத்தின் எஸ்2 பதிவேட்டில் 255 போட்டால் அந்தக் கட்டளை வழியே மூடிவிடும், தீர்ந்தது. மகனுக்கு என் பாராட்டு.

கே: ஒரே சமயத்தில் பலர் டயல் செய்யப் பழைய எட்டு-போர்ட் சீரியல் அட்டை வாங்கினேன். கிளைக் கேபிள் இல்லை, டிரைவர் இல்லை, மாடல் பெயரும் அழிந்திருக்கிறது. ரசீது வாங்கவில்லை. என்ன செய்யலாம்?

ப: அட்டை அழகாக இருந்தால் சுவரில் மாட்டலாம்.

கே: அலுவலகத்தின் பழைய லைனை எடுத்துவிட்டு, பிராட்பேண்ட் பெட்டியின் போன் துளையில் மோடத்தைச் செருகினோம். 9,600-ல் தள்ளாடுகிறது. எந்த மோடம் வாங்கினால் பழைய வேகம் வரும்? – கிடங்கு மேலாளர்

ப: எதுவும் இல்லை. அந்தத் துளையில் வருவது இணையத்தின் வழியே பொட்டலம் பொட்டலமாகப் போகும் குரல். மனிதக் காதுக்கு ஒன்றிரண்டு பொட்டலம் தொலைந்தால் தெரியாது, மோடத்துக்கு உடனே தெரியும். அந்தப் பெட்டியில் குரலைப் பெரிதாகச் சுருக்காத ஜி.711 கோடெக் (குரலை எண்ணாக மாற்றும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, எதிரொலி நீக்கத்தை நிறுத்திப் பாருங்கள், கொஞ்சம் தேறும். ஆனால் உங்கள் கையில்தான் பிராட்பேண்டே இருக்கிறதே, அதன் வழியே சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்ஹெச் போடுங்கள்.