நூலகரிடம் கேளுங்கள்: மாணவருக்குத் தேடக் கற்றுத் தருவது

கேள்வி (கோவை, கல்லூரி நூலகர்): முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நூலக அறிமுகம் நடத்துகிறேன். ஒரே மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: நடத்தும் நாளில். சேர்ந்த வாரத்தில் அவர்களுக்குத் தேட ஒன்றுமில்லை; விடுதிச் சாப்பாடுதான் கவலை. அலமாரிகளைச் சுற்றிக் காட்டுவதை நானும் பல ஆண்டுகள் செய்து கைவிட்டேன். துறை ஆசிரியர் கட்டுரை கேட்டிருக்கும் வாரத்தில் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பு கையில் இருந்தால்தான் காதில் ஏறும்.

கேள்வி (திருப்பூர், பேராசிரியை): 'நொய்யல் மாசு' என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது பேரும் ஒரே இணையப் பக்கத்தை எழுதி வந்தார்கள்.

பதில்: உங்கள் தலைப்பே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, அம்மா. கேள்வியாக மாற்றுங்கள்: 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை என்ன செய்தார்கள்? தீர்ப்பு, அன்றைய செய்தித்தாள், ஆய்வேடு என மூன்றையும் புரட்டாமல் இதற்கு விடை வராது. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்து, தேடும் சொல். ஆங்கிலத்தில் உங்கள் ஊரை ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தட்டினால் மற்றதில் இருப்பவை தப்பிவிடும். இரண்டு எழுத்துக்கூட்டலையும் தட்டி, நடுவே OR ('அல்லது') என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டால் இரண்டும் வலையில் விழும். எந்தச் சொல்லில் தேடினோம், எத்தனை வந்தன, எதை ஏன் தள்ளினோம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டுக்கும் மதிப்பெண் போடுங்கள். நகலெடுத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

கேள்வி (ஈரோடு, முதுகலை மாணவர்): மஞ்சள் பற்றி சாட்ஜிபிடி தந்த ஐந்து கட்டுரைகளில் இரண்டு எங்குமே கிடைக்கவில்லை.

பதில்: அவற்றை யாரும் எழுதியிருக்கவே மாட்டார்கள், தம்பி. அந்த இதழின் தளத்தில் அதே தொகுதியை, அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேறொரு கட்டுரை இருக்கும். மீதி மூன்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைப் பற்றிய ஆய்வுகளில் வெளியான பின் திரும்பப் பெறப்பட்டவையும் உண்டு. நம் ஊர்ப் பயிர் என்பதற்காகச் சலுகை கொடுக்க முடியாது.

கேள்வி (நாமக்கல்): கட்டண இதழ்கள் வாங்க எங்கள் கல்லூரியில் பணமில்லை.

பதில்: காரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம் போதும், தொடங்குங்கள்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): கற்றுக்கொண்டார்கள் என்று எப்படித் தெரியும்?

பதில்: அவர்கள் கேட்கும் கேள்வியில் தெரியும். முன்பெல்லாம் என் மேசைக்கு வந்து, "ஐயா, இந்தத் தலைப்பில் புத்தகம் இருக்கிறதா?" என்பார்கள். ஒரு நாள் ஒரு மாணவி அச்செடுத்த தாளை நீட்டி, "இதில் எழுதியவர் பெயரே இல்லை, ஐயா. எடுத்துக்கொள்ளலாமா?" என்றாள்.