ட்விட்டர், ஃபேஸ்புக்கை விட்டு மாஸ்டடான், ப்ளூஸ்கை பக்கம் ஆட்கள் ஏன் போகிறார்கள்? நானும் போகலாமா?

தனியுரிமை, கருத்துச் சுதந்திரம், விளம்பரத் தொல்லை. இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் இவை. எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றுக்காக மட்டும் மூட்டை கட்டிய ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. விளம்பரத்தையும் வேவு பார்ப்பதையும் வருஷக்கணக்கில் சகித்துக்கொண்டவர்கள், ஒருநாள் முதலாளி ஏதோ செய்துவைத்ததும் கோபத்தில் கிளம்புகிறார்கள். கோபம் ஆளைக் கிளப்பும், அவ்வளவுதான். போன இடத்தில் தங்குவார்களா என்பது, தங்களோடு யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ட்விட்டரைப் போலவே சின்னச் சின்னப் பதிவுகள் எழுதும் மாஸ்டடான் என்ற பெயர் இந்தியாவில் பரவலாகக் காதில் விழுந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே, தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் ஒரு பழைய புகைப்படத்தை வைத்திருந்தார். 1936-இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த படம் அது. கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் வைக்கும். ஒரே ஒரு ஆள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜி எதிர்ப்புக்கு அடையாளமாக உலகமே பகிரும் படம். அதை 'வெறுப்பைத் தூண்டும் படம்' என்று சொல்லி ட்விட்டர் கணக்கை முடக்கியது. சத்தம் கிளம்பியதும் திறந்துவிட்டார்கள். திறந்த கையோடு, எப்போதோ பகிர்ந்த ஓர் இந்திக் கவிதையைக் காரணம் காட்டி மறுபடி முடக்கினார்கள். அவர் வக்கீல் அல்லவா, நோட்டீஸ் அனுப்பினார். அதே நாட்களில்தான் தலித் செயற்பாட்டாளர்கள், கணக்கு உண்மையானது என்று காட்டும் நீலக் குறியைக் கொடுப்பதில் ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று ஹேஷ்டேக் போட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்துகொள்ள, 'மாஸ்டடானுக்கு வாருங்கள்' என்ற குரல் இங்கே பலமாகக் கேட்டது.

வந்தார்கள். கொஞ்ச நாள் கலகலவென்று இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்விட்டார்கள். அரசியல்வாதிகள், பத்திரிகைகள், சினிமா, கிரிக்கெட் எல்லாமே பழைய இடத்தில்தான் இருந்தன. சண்டை போடுவதற்குக்கூட எதிராளி அங்கேதான் இருந்தான்!

அடுத்த பெரிய அலை உங்களுக்கே நினைவிருக்கும். 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். சுமார் ஒரு வாரத்தில் ஏறக்குறைய பாதி ஊழியர்களுக்கு வேலை போனது. நீலக் குறி மாதம் 8 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த இரண்டு மாதங்களில் மாஸ்டடானின் மாதப் பயனர் எண்ணிக்கை 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக எகிறியது. 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கிய மென்பொருள் அது. அதுவரை அது பெரும்பாலும் கணினி ஆட்களின் பேட்டை.

என்னைக் கேட்டால், அந்தக் கதையில் கவனிக்க வேண்டிய தேதி அக்டோபர் 27 கிடையாது, டிசம்பர் 18. முதலாளியின் தனி விமானம் எங்கே பறக்கிறது என்று சொல்லும் கணக்கை முடக்கினார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்களை முடக்கினார்கள். மாஸ்டடானின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கையும் முடக்கினார்கள். டிசம்பர் 18 அன்று ஒரு புது விதி வந்தது. மாஸ்டடான், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற மற்ற தளங்களில் இருக்கும் உங்கள் சொந்த முகவரியை விளம்பரப்படுத்துவது இனி குற்றம். எதிர்ப்பு தாங்காமல் உடனே வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் விஷயம் பட்டவர்த்தனமாகிவிட்டது. பதினைந்து வருஷம் சேர்த்த வாசகர்களிடம் 'நான் இனி அந்த ஊரில் இருப்பேன்' என்று சொல்லிவிட்டுப் போகக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். சின்ன அளவில் எனக்கும் நடந்தது. ஒரு பெரிய தளத்தில் பழைய வீட்டுப் புழங்குபொருட்களுக்காக ஒரு தமிழ்க் குழு நடத்திவந்தேன்: உரல், திருகை, முறம், படி, மரக்கால் என்று ஆட்கள் படம் போடுவார்கள். ஒரு அம்மா தன் மாமியாருடைய அரிவாள்மனையைப் படமெடுத்துப் போட்டு, 'இதே மாதிரி எங்கே கிடைக்கும்?' என்று கேட்டார். ஆயுத விற்பனை என்று குழுவைத் தூக்கிவிட்டார்கள். மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் 'உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை' என்று பதில் வந்துவிட்டது. பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து. தேங்காய்த் துருவல் எப்படி வரும் என்று தெரிந்த ஒரு மனிதர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால்கூடப் போதும்.

சரி, பரவலாக்கப்பட்ட தளம் என்றால் என்ன மாறுகிறது? ஏர்டெல்லில் இருந்து ஜியோவுக்கு போர்ட் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாறுகிறது, உங்களைக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாஸ்டடான் ஒரே தளம் இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் அதை முறைப்படி ஏற்றது. ஒரு சர்வர் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றில் கணக்கு தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியைக் குறிப்பிட வேண்டும். பிறகு பழைய கணக்கில் 'இடம்பெயர்' பகுதிக்குப் போய்ப் புது முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், உங்களைப் பின்தொடர்கிறவர்கள் தாமாகவே புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் பின்தொடரும் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிக்கொள்ளலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. இந்த ஒரு குறை என்னை இன்னும் உறுத்துகிறது. ட்விட்டருக்கு இன்னொரு மாற்றான ப்ளூஸ்கையின் வடிவமைப்பில் பதிவுகளையும் கையோடு கொண்டுபோக வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலோரின் கணக்குகள் இன்றும் அந்த ஒரே கம்பெனியின் சர்வர்களில்தான் கிடக்கின்றன.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்வர் நடத்துகிறவர் உங்களைப் போல ஒரு மனிதர், சொந்தக் காசிலோ நன்கொடையிலோ ஓட்டுகிறார். அலுத்துப்போனால் மூடிவிடுவார். 2024 பிப்ரவரியில் க்வியர் டாட் ஏஎஃப் (queer.af) என்ற மாஸ்டடான் சர்வரின் முகவரியே பறிபோனது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் இணைய விகுதி. அது தாலிபான் அரசின் கையில். பெயர் வேடிக்கையாக இருக்கிறது என்று பதிவு செய்தவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும். சர்வர்களுக்குள் ஊர் விலக்கும் உண்டு. 2019-இல் வலதுசாரி தளமான காப், மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது மற்ற சர்வர்கள் வரிசையாக அதைத் துண்டித்தன. நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட அதே கத்தரி, இரண்டு சர்வர் அட்மின்களுக்குள் மனஸ்தாபம் வந்தாலும் வெட்டும். நடுவில் மாட்டிய உங்களுக்கு நண்பரின் பதிவு வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 2023 ஜூனில் நடந்ததும், முதலாளி செய்ததைக் கண்டு ஆட்கள் கோபித்துக் கிளம்பிய அதே கதைதான். ரெட்டிட்டைப் படிக்க வெளியாட்கள் எழுதிய செயலிகளுக்குத் திடீரென்று பெரிய கட்டணம் விதித்தார்கள். வருஷத்துக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று அப்பல்லோ செயலியை எழுதியவர் கணக்குச் சொன்னார், மாதக் கடைசியில் மூடிவிட்டார். கோபித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதி லெம்மி என்ற பரவலாக்கப்பட்ட மாற்றுக்குப் போனது. பெரும்பான்மை முணுமுணுத்துவிட்டு அங்கேயே இருந்துகொண்டது.

கூட்டமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் உதாரணம். 2024 ஆகஸ்ட் 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாந்த்ரே ஜி மொராயிஸ் எக்ஸ் தளத்தை (ட்விட்டரின் புதுப் பெயர்) தடை செய்ய உத்தரவிட்டார். சில நாட்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ப்ளூஸ்கைக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குப் பேச ஆள் இருந்தது; பக்கம் முழுக்க போர்த்துகீசிய மொழி. அந்த நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு, ப்ளூஸ்கையின் மொத்தக் கணக்குகள் 2 கோடியைத் தாண்டின. நீங்கள் 'பிளாக்' செய்த ஆளும் உங்கள் பதிவைப் படிக்கலாம் என்று எக்ஸ் மாற்றியதும், பதிவுகளை ஏஐ பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம் என்று விதிமுறையில் சேர்த்ததும் அதே சமயத்தில் வந்த எரிச்சல்கள். ப்ளூஸ்கையும் ஒரு கம்பெனிதான் என்பதை மறக்க வேண்டாம். வயதுச் சரிபார்ப்புச் சட்டம் ஒன்றைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலம் முழுவதற்கும் தன் செயலியை நிறுத்தி வைத்தது. அதே நெறிமுறையில் ஓடும் வேறு செயலிகள் வழியாக நுழைய முடிந்தது என்பதுதான் பழைய தளங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

தமிழர்களுக்கு இடம்பெயர்வது புதிதில்லை. வலைப்பூக்காரர்கள் கூகுளின் பஸ் (Buzz) தளத்தில் 'பஸ் விட்ட' காலம் ஞாபகம் இருக்கிறதா? 2010-இல் வந்தது, 2011 கடைசியில் மூடினார்கள். கும்பலாக கூகுள் ப்ளஸ்ஸுக்குப் போனோம். 2019 ஏப்ரல் 2 அன்று அதுவும் போனது. மரபுக் கவிதைச் சண்டை, சமையல் குறிப்பு, இரவெல்லாம் நீண்ட பின்னூட்டச் சரங்கள், எல்லாம் சேர்ந்து போயின. பிறகு 'நம் நாட்டுத் தளம்' என்று கூ வந்தது, தமிழும் இருந்தது, மத்திய அமைச்சர்களே கணக்குத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் கடையைச் சாத்திவிட்டார்கள். முதலாளி இந்தியர் என்பதால் மட்டும் சாவி நம்மிடம் வந்துவிடாது.

இனி நீங்கள் போகலாமா என்பதற்கு வருகிறேன். தனியாகப் போகாதீர்கள். வாட்ஸப்பில் தினமும் பேசும் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்ப் பதிவுகள் அங்கே இன்னும் குறைவு, முதல் வாரம் காலி மண்டபத்தில் பேசுகிற மாதிரிதான் இருக்கும். பதிவு எழுதும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிடுங்கள். அது ஆங்கிலம் என்றே இருந்தால், மொழி வடிகட்டி போட்டிருப்பவர்கள் கண்ணில் உங்கள் பதிவு படாது. மாஸ்டடானில் ஹேஷ்டேக் போடுங்கள்; அங்கே தேடல் பலவீனம், ஹேஷ்டேக் இல்லாத பதிவு கிணற்றில் போட்ட கல். நீளமாக எழுதுகிறவராக இருந்தால் மாஸ்டடான் வசதி, 500 எழுத்து வரை போகலாம். ப்ளூஸ்கையில் 300தான், ஆனால் 'கொ' அங்கே ஒரே எழுத்து. எக்ஸில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 280 என்பது தமிழுக்கு அதைவிட வெகு குறைவு.

பழைய கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள், உங்கள் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். புது முகவரியை முகப்பில் எழுதி அப்படியே விட்டுவையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அமைப்புகளுக்குள் போய் உங்கள் பதிவுகளின் முழு நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள். கோப்பு தயாராகி வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம், இறக்கிக்கொள்ளும் சுட்டியும் கொஞ்ச நாளில் காலாவதி ஆகிவிடும். அதனால் இன்றைக்கே கேட்டு வையுங்கள், போவதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.