மட்டக்குதிரைக்கும் ரேஸ் குதிரைக்கும் ஒரே மாதிரி முடி வெட்டலாமா?

கொடைக்கானலில் சவாரிக்காக ஒரு மட்டக்குதிரையும், ரேஸிலிருந்து கழித்த ஒரு தரோபிரெட் இனக் குதிரையும் வாங்கியிருக்கிறீர்கள். டிசம்பருக்குள் இரண்டையும் ஒட்ட வெட்டிவிடலாமா என்பது கேள்வி. தயவுசெய்து மட்டத்தின் உடம்பில் மெஷின் வைக்காதீர்கள். அதன் குளிர்கால முடி இரண்டு அடுக்கு. மேல்முடி மழைத்தண்ணீரை வழித்துவிடும், அடிமுடி சூட்டைப் பிடித்துவைக்கும். முடியை வழித்துவிட்டால் மூடுபனியின் ஈரம் நேரே தோலில் இறங்கும்.

தரோபிரெட்டுக்குத் தோலும் மெல்லிசு, முடியும் மெல்லிசு. அதற்குப் பிடரிமுடியை மட்டும் சுமார் நாலு அங்குலத்துக்குக் குறைத்தால் போதும். கத்தரியால் நேர்கோடாக வெட்டினால் நுனி தடித்துத் துடைப்பம்போல விறைத்து நிற்கும். ‘காலங்காலமாகக் கத்தரிதான், என்ன கெட்டுப்போச்சு’ என்று கீழே சிலர் எழுதக்கூடும். நிற்கிற பிடரியைப் பார்த்தாலே தெரியும். அடிப்பக்கத்து நீள முடியில் ஐந்தாறு இழையைப் பிடித்து, மிச்சத்தைச் சீப்பால் மேலே தள்ளி, பிடித்ததைச் சீப்பில் ஒரு சுற்று சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஓடி வந்து உடம்பு சூடாக இருக்கும்போது சுலபமாக வரும். ஒரே நாளில் முடிக்காமல் மூன்று நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். தலையை உதறி முரண்டு பிடிக்கிற குதிரையிடம் இழுக்கவே கூடாது. பிளேடு வைத்த சீப்பால் அடியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மார்வாரி, கத்தியவாரி, அரபு இனங்களுக்குப் பிடரியை நீளமாகவே விட வேண்டும். காதுக்குப் பின்னால் கடிவாள வார் உட்காரும் இடத்தை மட்டும் வழித்தால் சரி.

வாலை வெட்டும்போது ஒருவர் வால்தண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, நடக்கையில் எவ்வளவு தூக்குமோ அவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டு வெட்டினால், நடக்கும்போது வால் ஒரு சாண் மேலே ஏறிக் கோணலாகத் தெரியும். ஈ ஓட்டுவதற்கு வால் வேண்டும், அதனால் பின்னங்கால் முட்டிக்கு மேலே போகாதீர்கள்.

வேலை அதிகமாகி வேர்வையில் முடி நனைந்து, ராத்திரியில் காயாமல் குளிர்கிறது என்றால் மட்டும் பாதி வெட்டு வெட்டலாம். கழுத்தின் அடிப்பாகம், மார்பு, வயிறு ஆகிய இடங்களில் எடுத்து, முதுகையும் கால்களையும் விட்டுவிடுவது. முதல் நாளே குளிப்பாட்டிக் காயவைத்திருக்க வேண்டும். அழுக்கு முடியில் பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு கடிக்கும், வரிவரியாகவும் விழும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை பிளேடைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். நிறுத்தி எண்ணெய் விடுங்கள். வெட்டிய குதிரைக்கு ராத்திரியில் கம்பளி கட்டாயம்.

மூக்கு, கண்ணைச் சுற்றியுள்ள உணர்முடியைத் தொடவே வேண்டாம். தன் மூக்குக்கு நேர்கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. அந்த முடியால்தான் தொட்டியையும் புல்லையும் தடவி அறிகிறது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை முதல் உணர்முடியை மழித்த குதிரைகளைப் போட்டியில் சேர்ப்பதில்லை. காதின் உள்முடியையும் விட்டுவிடுங்கள், பூச்சி புகாமல் தடுப்பது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் சடைமுடியோடு நிற்கும் மட்டத்தைப் படமெடுத்து, ‘பராமரிப்பே இல்லை’ என்று போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. டிசம்பரில் மட்டத்துக்கு அப்படித்தான் முடி இருக்க வேண்டும். உடம்பு இளைத்திருக்கிறதா என்று முடிக்குள் கைவிட்டு விலா எலும்பைத் தடவித்தான் சொல்ல முடியும். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. படத்தில் இது தெரியாது.

குளம்புக்கு மேலே பின்பக்கம் தொங்கும் கற்றையையும் சும்மா வெட்டாதீர்கள். தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும். சேற்றோடு வந்தால் அப்போதே பீய்ச்சிக் கழுவித் தேய்க்காமல், காயவிட்டுப் பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள். ஊறிய தோலில் கிருமி புகுந்து பொருக்குப் பொருக்காகப் புண் வரும். புண் வந்துவிட்டால் மட்டும் கற்றையை வழித்துக் காற்றுப்பட வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். பொருக்கைக் காய்ந்தபடியே பிய்த்தால் ரத்தம் வரும், குதிரை அடுத்த முறை காலே கொடுக்காது.